காணிக்கை முடி

விரல் நீளத்துக்கு வளர்ந்துவிட்ட முடியை வசுமதி சீப்பால் வாரவே மாட்டாள். யாராவது மின்விசிறியைப் போட்டால் எழுந்து வேறு இடத்தில் போய் உட்காருவாள். வருஷக்கணக்கில் முடியே இல்லாமல் கிடந்த தலையில், ஆஸ்பத்திரியில் சோதனைக்காகக் கொடுத்த மாத்திரையால் முளைத்தது அது. சோதனை முடிந்ததும் மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். அது இல்லாவிட்டால் முடி மறுபடி கொட்டிவிடும் என்றும் சொல்லியிருந்தார்கள். இனி அரசாங்கம் அனுமதித்தால்தான் கடைக்கு வரும். எப்போது போன் செய்தாலும், "ஃபைல் டெல்லியில இருக்குதும்மா" என்பார்கள்.

அம்மாவின் அவசரம் வேறு. முடி முளைத்தால் மகளுக்குப் பழனியில் மொட்டை போடுவதாக அவள் வேண்டிக்கொண்டிருந்தாள்.

"உன் தலையைச் சொல்லி வேண்டியிருக்கலாமில்லம்மா?"

"அப்ப உன் தலையில ஒண்ணுமே இல்லையே கண்ணு. குடுக்கறேன்னு சொல்றது சுலபமா இருந்துச்சு."

"அனுமதி வரட்டும். மாத்திரை கைக்கு வந்ததும் மொட்டை போட்டுக்கறேன்."

"முருகனை டெல்லிக்காகக் காத்திருக்கச் சொல்றியா?"

அன்று காலை தலையணையில் ஏழெட்டு முடி கிடந்தது. வசுமதி போர்வையால் மூடுவதற்குள் அம்மா பார்த்துவிட்டாள். திட்டவில்லை. மஞ்சள் துணி ஒன்றை எடுத்துவந்து, ஒவ்வொன்றாகப் பொறுக்கி அதில் வைத்தாள்.

"அவரே எடுக்க ஆரம்பிச்சுட்டாரு" என்றாள் மெதுவாக.

வசுமதி ஒரு கையால் தலையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டே இருந்தது. அம்மா துணியை இன்னும் முடிச்சுப் போடவில்லை. விரித்தபடியே பிடித்துக்கொண்டு நின்றாள்.