மூன்றாவது கிளாஸ்

மூன்றாவது கிளாஸிலேயே கோகுல்நாத்துக்கு நாக்கு குழற ஆரம்பித்துவிட்டது. கண் லேசாகச் செருகியது. சட்டையின் மேல் பட்டனைக் கழற்றிவிட்டுக்கொண்டு, "கிராஃப்ட் காக்டெய்ல்னா என்னன்னு தெரியுமாடா உங்களுக்கு?" என்று இரண்டாவது தடவையாகக் கேட்டான்.

தெரியாது என்று முதல் தடவையே நண்பர்கள் இரண்டு பேரும் ஒப்புக்கொண்டிருந்தார்கள்.

நசரத்பேட்டை ஹைவேயில் ஒரு ஹோட்டல் மாடியில் புதிதாகத் திறந்த பார் அது. ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரை எவன் கிளாஸில் ரோஸ்மேரிக் குச்சியைச் செருகினாலும் அங்கே போய் வீடியோ எடுத்துப் போடுவது கோகுல்நாத்தின் உபதொழில். தொழில், ஐடி கம்பெனியில் மேனேஜர். அவனுக்குக் கீழே வேலை பார்க்கிறவர்கள் வீடியோவுக்குத் தவறாமல் லைக் போட்டுவிடுவார்கள்.

ஃபேக்டரியில் வேலை பார்க்கும் எழில், இன்று ஏதோ ஜெயந்தி லீவு என்று சொன்னதும், மத்தியானச் சாப்பாட்டுக்கு அவனையும், பட்டாபிராமில் செல்போன் கடை வைத்திருக்கும் பாபுவையும் கோகுல்நாத் இழுத்து வந்திருந்தான். மூன்று பேரும் ஆவடி குவார்ட்டர்ஸில் ஒரே வரிசையில் வளர்ந்தவர்கள்.

உட்கார்ந்ததுமே சர்வர், "சார், இன்னிக்கு மெனுல ஒரு..." என்று ஆரம்பித்தார்.

"மெனுவை எனக்கே சொல்றீங்களா?" கோகுல்நாத் அட்டையைத் திறக்காமலே திருப்பிக் கொடுத்தான். "ஸ்மோக்டு நன்னாரி ஜின். ரெண்டு. புகை விடறதை கேமராவுக்கு முன்னாடி வந்து விடச் சொல்லுங்க."

சர்வர் வாயை மூடிக்கொண்டு போய்விட்டார். பைக் ஓட்ட வேண்டும் என்று எழில் ஃப்ரெஷ் லைமோடு நிறுத்திக்கொண்டான். கல்யாணம், காரியம் என்று வருஷத்துக்கு இரண்டு தடவை தொடுகிற பாபு ஒரு வாய் குடித்துப் பார்த்தான்.

"இன்னா மாமே, பஞ்சாமிர்தத்துல சோடாவ ஊத்துன மாரி கீது."

"அதெல்லாம் பாட்டானிக்கல் நோட்ஸ்டா. தொண்டையில இறங்கும்போது ஜின் ஒரு சூடு குடுக்கும், அதைக் கவனி."

பாபு கவனித்தான். "சூடு சிக்கன்லதான் மாமே கீது."

அதெல்லாம் முதல் கிளாஸில். இப்போது மூன்றாவதைக் கையில் ஏந்தி, போனைத் தண்ணீர் ஜாடியில் சாய்த்து வைத்து, கண்ணை மூடி உறிஞ்சினான் கோகுல்நாத். "முதல்ல ஜூனிப்பர், ஜின்னோட வாசனையே அதான். அப்புறம், மழையில நனைஞ்ச மண்ணு..."

எழிலுக்கு அடக்க முடியவில்லை. "பஸ் ஸ்டாண்டு சர்பத்து மச்சான்" என்று சிரித்துவிட்டான். பக்கத்து மேஜையிலும் இரண்டு பெண்கள் சிரித்தார்கள். வீடியோ கெட்டது.

அந்தப் பக்கத்து மேஜைச் சிரிப்புதான் கோகுல்நாத்தைச் சுட்டது.

"நீ பேசாதடா எழில். நான் படிச்சு மேல வந்தவன். நீ உங்கப்பா பொணத்தைக் காட்டி ஃபேக்டரில வேலை வாங்குனவன்."

பாபு கையிலிருந்த சிக்கன் துண்டு அந்தரத்தில் நின்றது. எழிலின் அப்பா சர்வீஸில் இருக்கும்போதே நெஞ்சு வலியில் போனவர். வாரிசு வேலை மகனுக்கு வந்தது. அந்த அப்பாவின் சைக்கிள் பாரில் உட்கார்ந்துதான் கோகுல்நாத்தும் ஐந்தாவது வரை பள்ளிக்கூடம் போனான்.

எழில் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

கோகுல்நாத்துக்குக் காதுமடல் கொதித்தது. இப்படி ஒன்றைச் சொன்னது தன் வாய்தானா என்று கூசியது. அது இன்றைக்குப் பிறந்த வாக்கியம் இல்லை, பதினைந்து வருஷமாக உள்ளே உட்கார்ந்திருந்தது என்பதை நினைக்க இன்னும் கூசியது. எழிலுக்கு அது மட்டும் தெரிந்துவிட்டால் எல்லாம் முடிந்தது.

பிடித்துக்கொள்ள அவனுக்குக் கிளாஸ்தான் இருந்தது.

"மச்சான், உக்காருடா. நான் பேசலடா, உள்ள போனது பேசிடுச்சு. மூணு ஜின்னுடா, தலை கிறுகிறுங்குது. என் மனசுல அப்படி ஒண்ணு இருக்குமாடா? நிதானத்துல இருந்தா இப்படிப் பேசுவேனா?"

மேஜையைப் பிடித்தபடி எழுந்தான். கால் நிஜமாகவே தள்ளாடியது. கண்ணீரும் நிஜமாகவே வந்தது.

"உடு எழிலு" என்றான் பாபு. "சரக்கு போட்டா எவனும் ஒளறத்தான் செய்வான். எங்க நைனா ரெண்டு ரவுண்டு உள்ள போனா, என்னைய ஆஸ்பத்திரில மாத்திக் குட்த்துட்டாங்கன்னு அழுவாரு. காலைல எழுந்து பாக்கெட் மணி குடுப்பாரு."

எழில் கோகுல்நாத்தின் செருகிய கண்ணைக் குனிந்து பார்த்தான்.

"நிதானத்துல சொல்லியிருந்தேன்னா, இந்த ஜென்மத்துல உன் மூஞ்சியில முழிச்சிருக்க மாட்டேன்டா."

ஹெல்மெட்டை மேஜைமேல் வைத்தான். உட்கார்ந்தான்.

கோகுல்நாத்துக்கு மூச்சு திரும்பியது. மூச்சோடு சேர்ந்து பழைய கோகுல்நாத்தும் திரும்பிவிட்டான். பழியை முழுசாக இன்னொருத்தர் தலையில் கட்டிவிட்டால் நல்லது என்று தோன்றியது. கவுண்டருக்குப் பின்னால் எலுமிச்சை நறுக்கிக்கொண்டிருந்த பார்டெண்டர் ஜெபாவை விரல் சொடுக்கி அழைத்தான். அவர்தான் அந்த மூன்று கிளாஸையும் கலந்தவர்.

"ஏம்ப்பா, ஒரு அளவு வேணாமா? கிளாஸுக்கு எவ்ளோ ஜின் ஊத்துன? உன்னாலதான் இங்க இவ்வளவு கலாட்டா. சொல்லு, இவன் முன்னாடியே சொல்லு."

ஜெபா மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒரு சொட்டுகூட ஊத்தல சார், இன்னிக்கு ஜெயந்தி, சரக்கே விக்கக் கூடாத டிரை டே."