மாஸ்க் போட்ட குரல்

அச்சகத்தில் பிழை திருத்துவது இருவர் வேலை. அவள் மூலப்பிரதியைச் சத்தமாக வாசிப்பாள். எதிரே உட்கார்ந்து அவர் அச்சுத்தாளில் சிவப்புப் பேனாவை ஓட்டுவார்.

"மாஸ்க்கைக் கழட்டிட்டு வாசிம்மா. கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கு. ஒண்ணுமே கேக்கல."

"இருக்கட்டும் சார்."

"கொரோனா பயமெல்லாம் போய் எத்தனை காலமாச்சு? உனக்கு உயிர் மேல அவ்வளவு ஆசையா?"

பக்கத்து மேஜைகளில் சிரித்தார்கள். அவள் குரலைக் கொஞ்சம் கூட்டி வாசித்தாள்.

பதினோரு மணிக்கு வழக்கம்போல் மாடிப்படிப் பக்கம் போய்வந்த அவர், நேரே மேனேஜர் முன் நின்றார்.

"வேற ஆள் போடுங்க சார். இந்தப் பொண்ணோட மாரடிக்க முடியல."

மேனேஜர் அவளைக் கூப்பிட்டார். "கழட்டினா என்னம்மா?"

"பயமா இருக்கு சார்."

"சரி, நாளைக்குள்ள யோசிச்சுச் சொல்லு."

திரும்பி வந்தவள், அடுத்த தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதி அவர் பக்கம் தள்ளினாள்.

'படிக்கட்டுல நீங்க இன்ஹேலர் இழுக்கிறதைப் பார்த்தேன் சார். யாருக்கும் தெரியக்கூடாதுன்னு நீங்க நினைக்கிறதும் புரியுது. எங்க அப்பாவுக்கும் கடுமையான ஆஸ்துமா. என்கிட்ட இருந்துதான் அவருக்குக் கொரோனா ஒட்டிச்சு. எனக்கு ரெண்டு நாள் சளியோட போச்சு. அவர் ஆஸ்பத்திரியில இருந்து திரும்பி வரல.'

அவர் இரண்டு முறை படித்தார். பிறகு ரப்பரை எடுத்து, அந்த வரிகளை ஓர் எழுத்து மிச்சமில்லாமல் அழித்தார்.

"என்ன சார், வேற ஆளை இப்பவே அனுப்பவா?" என்று அங்கிருந்தே கேட்டார் மேனேஜர்.

"வேண்டாம் சார், நல்லாத்தான் கேக்குது. நீ வாசிம்மா."