சனிக்கிழமைக்காரன்

"சனிக்கிழமை பொறந்தவன் நாளைக்கு வாசல் காக்கக் கூடாதாம். ஜோசியர் சொல்லிட்டார்."

இதைச் சொல்லிவிட்டு, பயிற்சியாளர் ஊ லா டின் யார் முகத்தையும் பார்க்காமல் சுருட்டைப் பற்றவைத்தார். ரங்கூன் விளையாட்டு விடுதியின் சாப்பாட்டுக் கூடத்தில் மொஹிங்கா மீன் சூப்பை உறிஞ்சிக்கொண்டிருந்த பர்மா கால்பந்து அணி மொத்தமும் கரண்டியைக் கீழே வைத்தது. மறுநாள் தாய்லாந்தோடு இறுதி ஆட்டம்.

யார் எந்தக் கிழமை என்று யாரும் கேட்கவில்லை. பர்மாவில் பிறந்த கிழமைக்குரிய எழுத்தில்தானே பெயரே வைக்கிறார்கள்!

"சயா, நானும் சனிக்கிழமைதான்" என்று இடது ஓரத்தில் ஆடும் டின் மோ வாத்தியாரைப் பார்த்துப் பதறினான். "நான் ஓடலாமா, கூடாதா?"

"நீ ஓடலாம், உதைக்கலாம், விழுந்து புரளலாம். கோல் கம்பத்துக்கு நடுவுல நிக்கறதுதான் ஆகாது."

இரண்டு பேர் சிரித்தார்கள். அப்புறம் டுன் யின்னைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிக்கொண்டார்கள். இத்தனை வருஷமாக பர்மாவின் கோலைக் காத்தவன் அவன்தான்.

டுன் யின் கிண்ணத்தைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

"ஏன் சயா, கோலாலம்பூர்லேர்ந்து கப்பைத் தூக்கிட்டு வந்தோமே, அன்னைக்கு நான் என்ன புதன்கிழமையா பொறந்திருந்தேன்?"

"நான் சொல்லலப்பா. ஜோசியர் சொல்றார்."

"அந்தக் கிழவனுக்குப் பந்து உருண்டையா, சதுரமான்னு தெரியுமா? புத்தர் கோயில் படிக்கட்டுல உக்காந்துக்கிட்டு என் பொழப்புல மண்ணைப் போடறான்!"

"வாயை அடக்கு. மேட்சை வெச்சுக்கிட்டுப் பெரியவங்களைத் திட்டாதே."

"திட்டுவேன்! அவனையும் திட்டுவேன், அவன் பேச்சைக் கேட்டுட்டு வந்த உங்களையும் திட்டுவேன்!"

ஊ லா டின் சுருட்டுச் சாம்பலைத் தட்டினார். முந்தின நாள் சாயங்காலம் ஜோசியரிடம் போய், "இப்படிச் சொல்லுங்க" என்று கெஞ்சிக் கேட்டு வாங்கி வந்தவரே அவர்தான்.

டுன் யின்னுக்குப் பார்வை மங்கிக்கொண்டே வந்தது. வேறு யாரும் கவனிக்கவில்லை, இவர் கவனித்தார். அவன் இப்போதெல்லாம் பந்தைப் பார்த்துப் பாய்வதில்லை. உதைக்கும் சத்தத்தைக் கேட்டுப் பாய்கிறான். பயிற்சியில் அது செல்லும். நாளைக்கு மைதானம் நிரம்பி வழிந்து ஜனம் தொண்டை கிழியக் கத்தும்போது, எந்தச் சத்தத்தைக் கேட்டுப் பாய்வான்? முதல் பந்திலேயே மாட்டிக்கொள்வான். கப்பும் போகும், ஊரறிய அவன் மானமும் போகும்.

நேராகச் சொல்லிவிடலாம் என்றுதான் போன வாரம் அவனை டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். வாயைத் திறந்தார். "மழை வருமோ?" என்று கேட்டுவிட்டு, டீயைக் குடித்துவிட்டுத் திரும்பிவிட்டார். தன்னோடு சேர்ந்து ஆடியவன், தன் கல்யாணத்துக்குப் பந்தல் கட்டியவன். உனக்குக் கண் தெரியவில்லை என்று அவனிடம் எந்த வாயால் சொல்வது?

இன்னொரு தொல்லையும் இருந்தது. அது இப்போது மண்டியிட்டுக்கொண்டிருந்தது. மாற்று கோல்கீப்பர் சேன் லேய், டுன் யின்னின் முன்னால் தரையில் கைகூப்பி உட்கார்ந்துவிட்டான்.

"அண்ணே, நீங்க பெஞ்சுல உக்காந்திருக்க நான் நடுவுல நிக்கறதா? என்னால முடியாது. எங்கம்மாவே செருப்பைக் கழட்டுவாங்க."

"எந்திரிடா."

"மாட்டேன். சயா, வேற யாரையாவது நிறுத்துங்க."

"வேற யாருடா இருக்கா? நீ மாட்டேன்னு சொல்லி, ஜோசியன் வாக்கை மீறி நான் நின்னு தோத்துட்டா, ஊரு உன்னைத்தான் தோலை உரிக்கும்." டுன் யின் அறைக்குள் போய் ஒன்றாம் நம்பர் சட்டையை எடுத்து வந்து அவன் முகத்தில் வீசினான். "போட்டுத் தொலை. தொளதொளன்னுதான் இருக்கும். அவங்க ஒன்பதாம் நம்பர் தலையால முட்டற மாதிரி வந்து காலால தட்டுவான். காத்துக்கிட்டு நிக்காம முன்னால வந்து மறி."

சேன் லேய் சட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதான்.

"அழாதேடா, சனியனே! ஜோசியனாம் ஜோசியன்!" என்று கத்தி, கதவை ஓர் உதை உதைத்துவிட்டு டுன் யின் வெளியே போனான்.

ஊ லா டின்னுக்கு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை. நண்பனின் முதுகில் குத்திவிட்ட வேதனை. பொழுது சாய்ந்ததும் லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஷ்வேடகோன் புத்தர் கோயில் படிக்கட்டில் ஏறி, ஜோசியரின் கடையில் போய்த் தொப்பென்று உட்கார்ந்தார்.

"சொன்னேன் பெரியவரே. பையனும் ஒரு வழியா ஒத்துக்கிட்டான். ஆனா டுன் யின் போட்ட கூச்சல் இருக்கே..."

ஜோசியர் வெற்றிலைச் சாற்றைத் துப்பினார். "நல்லாக் கத்தினானா?"

"நல்லாவா? விடுதியே இடிஞ்சு விழுந்துடும்னு பயந்துட்டேன். நான் பண்ணின வேலைக்கு உங்க தலையைப் போட்டு உருட்டறான். நீங்க மனசுல வெச்சுக்கக் கூடாது."

"உருட்டட்டும். முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுட்டுத்தானே போனான்."

"யாரு?"

"டுன் யின்தான். நீ வர்றதுக்கு முதல் நாளே வந்து, 'எனக்குக் கண்ணு தெரியல பெரியவரே, அதைச் சொல்ல சயாவுக்கு மனசு வராது, என் இடத்துல நிக்க அந்தப் பையனுக்கு மனசு வராது, பழியைச் சனிக்கிழமை மேல போட்டுடுங்க'ன்னு இங்கேதான் மண்டியிட்டுக் கும்பிட்டான்."