ஆளுக்கொரு பக்கம்

"ஏ புள்ள, ஒரு ஃபைல் போனதுக்கா இம்புட்டு அழுக? கரண்டு போனா ஒம்போது ஃபைல் போகும். மூஞ்சியத் தொடச்சிட்டு உக்காரு."

பாண்டிராஜ் மாஸ்டர் போட்ட சத்தத்தில் கம்ப்யூட்டர் சென்டரே திரும்பிப் பார்த்தது. ரோஜா துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு இன்னும் விசும்பினாள்.

நடந்தது இதுதான். நாரணாபுரம் பட்டாசுக் கம்பெனித் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு வெப் பேஜ் செய்யக் கற்றுக்கொடுக்கிறார் மாஸ்டர். பக்கத்தை எழுதி, அவரவர் பெயரையே வைத்து, கடைசியில் ஒரு புள்ளியும் எச்.டி.எம்.எல்.லும் சேர்த்து சேவ் பண்ண வேண்டும். ரோஜாவும் போன வாரமே எழுதிவிட்டாள்.

அதைத் திறந்து பார்த்ததும் மாஸ்டருக்கு எரிச்சல். 'ரோஜாவுக்கு மஞ்சள் பாவாடை என்றால் உயிர். ரோஜா கொடுக்காப்புளி பறிக்க மரம் ஏறுவாள்' என்று பக்கம் முழுக்க இப்படியே போனது.

"உன்னப் பத்தி எழுதச் சொன்னா, என்ன புள்ள கத சொல்லிக்கிட்டு இருக்க? 'நான்'னு போட்டுப் புதுசா அடி."

அடித்தாள். சேவ் கொடுத்தபோது, இதே பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, அதை எடுத்துவிட்டு இதை வைக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. ரோஜாவின் கை அப்படியே நின்றுவிட்டது.

"சார், பழசும் இருக்கட்டும் சார். எங்கம்மா இன்னைக்கு அதக் கேக்கத்தான் வருது."

"ஆளுக்கொரு பக்கம் போதும்."

மவுஸைப் பிடுங்கி 'யெஸ்' அழுத்திவிட்டார் மாஸ்டர். பொறுமை என்பது கடையில் விற்றாலும் வாங்காத மனுஷர்.

அழுகை அடங்குவதற்குள் அம்மா மாரிசெல்வி வந்துவிட்டாள். சீசன் நேரத்தில் போர்மேனிடம் கெஞ்சி, அரை நாள் லீவு வாங்கிக்கொண்டு ஓடி வந்திருக்கிறாள். விரல்களில் வெடிமருந்துக் கறைகூடப் போகவில்லை.

"ஒண்ணுமில்லம்மா, சின்ன விசயத்துக்கு அழுறா. ரோஜாவோட பக்கத்தக் கேக்கத்தான வந்தீக? உக்காருங்க."

"எனக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது சார். நான் சொல்லச் சொல்லத்தான் இவ எழுதுனா. நீங்க வாசிங்க, கேக்கணும்."

ரோஜா ஏதோ சொல்ல வாயைத் திறப்பதற்குள், மாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார்.

'என் பெயர் ரோஜா. நான் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன். எனக்கு டீச்சர் ஆக ஆசை...'

மாரிசெல்வி கடைசிவரை மரியாதையாகக் கேட்டாள்.

"நல்லாருக்கு சார். ஆனா இது சின்னவ."

"சின்னவளா?"

"வெடி விபத்துல போன மூத்தவ பேரத்தான் இவளுக்கும் வச்சோம். அவளுக்கு ஒரு போட்டோகூட இல்ல சார்... அவள வாசிங்க."