மௌன ஒப்பாரி

பழைய கூத்தைப் புதுப் பாணியில் ஆக்கியிருந்த நாடகம் அது. மகனைப் பறிகொடுத்த தாய் ஒப்பாரி வைக்க வேண்டிய கட்டம். தாயாக நடித்தவள் வாயைத் திறந்தாள், சத்தமே வரவில்லை. மேடையோரம் மத்தளம் வாசித்துக்கொண்டிருந்த அவள் கணவனின் கை தானாக நின்றது. அரங்கம் உறைந்தது. பிறகு எழுந்து நின்று கைதட்டியது.

இயக்குநருக்குத் தலைகால் புரியவில்லை. "மௌனத்தாலயே கதறிட்டாங்களே! இனிமே எல்லா ஷோவுலயும் இப்படித்தான்."

மத்தளக்காரனுக்குப் பெருமை ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம். கட்டின புருஷனிடம்கூட அவள் மூச்சு விடவில்லையே! ஒப்பனை அறைக்குள் நுழைந்தான்.

"ஏண்டி, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

அவள் காதில் ஃபோன். மறுமுனையில் மகள் கத்துவது அவனுக்கும் கேட்டது.

"அம்மா, லைன்ல இருக்கியா? ஏதாவது பேசும்மா!"

கழுத்து நரம்பு புடைக்க அவள் என்னவோ சொல்லப் பார்த்தாள். வெறும் காற்றுதான் வந்தது.