அடி கழுதை!

சந்தை கலைந்ததும், கால் நொண்டிப்போன கழுதையை அதன் சொந்தக்காரன் அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டான். அது போக்கிடம் தெரியாமல் ஒரு வீட்டு வேலியோரம் ஒண்டிக்கொண்டது. வேலிமேல் ஒரு காக்கை உட்கார்ந்திருந்தது.

“நான் கா, கான்னு கத்தினேன், காக்கான்னு பேர் வச்சாங்க. உனக்கு ஏன் கழுதைன்னு பேரு?” என்று அது கேட்டது.

“தெரியலையே. அடி விழறதுக்கு முன்னால வர்ற சொல்லு. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.”

அப்போது வீட்டுக்குள்ளிருந்து, “அடி கழுதை!” என்று ஒரு குரல் கேட்டது. கழுதை பழக்கத்தில் முதுகைக் குறுக்கிக்கொண்டது. அடி விழவில்லை. மெல்ல வேலி இடுக்கு வழியே எட்டிப் பார்த்தது. வெயிலில் ஆடிவிட்டு வந்த மகளை ஒரு தாய் மடியில் இழுத்துப் போட்டு, முந்தானையால் முகம் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“எங்கடி சுத்திட்டு வர்ற, கழுதை? பசிக்கலையா உனக்கு?”

மகள் சிரித்துக்கொண்டே அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

“உன் பேரைச் சொல்லி யாரைத் திட்டுறா?” என்றது காக்கை.

“திட்டலை. கொஞ்சுறா.”

காக்கை பறந்து போய்விட்டது. அந்தச் சொல் இன்னொரு தடவை வராதா என்று, கழுதை வேலியில் காதை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றது.