சும்மா ஒரு மதியம்

மொத்தமே ஐந்து பேர் வேலை பார்க்கும் ரயில் சுற்றுலாக் கம்பெனி. அதற்குப் போய் விருதா என்று பெரிய கம்பெனிக்காரர்கள் எல்லாம் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள்.

முதலாளி மேடைக்கு நடந்தார். இரண்டு பக்கமும் சிரித்துக்கொண்டே போனார். கடைசி மேசைப் பக்கம் மட்டும் திரும்பவில்லை.

அங்கே அவர் தங்கை உட்கார்ந்திருந்தாள். பாவம், கை சிவக்கத் தட்டிக்கொண்டிருந்தாள்.

விருது கிடைத்தது 'சும்மா ஒரு மதியம்' என்ற ஏற்பாட்டுக்கு. பயணத்தின் நடுவே ஒரு சின்ன ஸ்டேஷனில் இறங்கி, அடுத்த ரயில் வரும்வரை நாலு மணி நேரம் ஒன்றும் செய்யாமல் இருப்பது. அவ்வளவுதான் சங்கதி. ஜனங்களுக்கு அது அப்படிப் பிடித்துப்போயிற்று.

முதல் தடவை அது ஏற்பாடே இல்லை, கூத்து. ஞாயிற்றுக்கிழமை அட்டவணையைப் பார்த்துப் புதன்கிழமைக்கு டிக்கெட் போட்டாகிவிட்டது. மாறி ஏற வேண்டிய ரயில் அன்றைக்குக் கிடையாது.

ஆபீசில் டிக்கெட் போடுவது முதலாளியும் தங்கையும்தான். இருவருக்கும் ஒரே கம்ப்யூட்டர்.

பயணிகள் சூழ்ந்துகொண்டு சத்தம் போட்டார்கள். அத்தனை பேர் காதிலும் விழும்படி போனில் தங்கையைப் பிடித்தார் முதலாளி. உனக்குக் கண் என்ன பிடரியிலா இருக்கிறது என்று வாங்கு வாங்கென்று வாங்கினார். அவள் அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டாள். கடைசியில் பயணிகளே மனசு இரங்கி, போனால் போகிறது விடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

அப்புறம் மரத்தடியில் தூங்கினார்கள், சீட்டாடினார்கள், வாய் ஓயாமல் பேசினார்கள். ஊர் திரும்பும்போது எல்லோரும் அந்த மதியத்தைத்தான் புகழ்ந்தார்கள்.

தங்கை அதற்குப் பிறகு டிக்கெட்டைத் தொடவில்லை. பயணிகளின் பெட்டிகளுக்குப் பெயர்ச்சீட்டு கட்டும் வேலையைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டாள். ஒவ்வொரு பெயரையும் வாய்விட்டுப் படித்து, மறுபடி படித்து, பிறகுதான் முடிச்சுப் போடுவாள். அதைக் கேட்கும்போதெல்லாம் முதலாளிக்கு எங்கேயாவது எழுந்து ஓடிவிடலாம் போலிருக்கும். அவ்வளவு கேவலமாக இருக்கும்.

அதனால்தான் இன்றைக்கு ஒரு வாக்கியத்தைத் தயார் பண்ணிக்கொண்டு வந்திருந்தார். குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று சொல்லியும் பார்த்தாயிற்று. இது முழுக்க என் தங்கையின் யோசனை. இதைச் சொன்னால் போதும். அவள் தப்பு பெருமையாகிவிடும், மறுபடி தலை நிமிர்ந்து நடப்பாள். அவரும் யாருக்கும் எதையும் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம்.

தொகுப்பாளர் மைக்கை நீட்டினார்.

"நாலு மணி நேரம் ஜனங்களச் சும்மா உக்கார வைக்கிறதுன்னா அதுக்கு ஒரு தில் வேணும் சார். யாருக்கு சார் இப்படித் தோணுச்சு?"

முகத்தில் விளக்கு வெளிச்சம். எதிரே கேமரா. பாழாய்ப்போன மனசு அந்த 'தில்'லில் குளிர்ந்துவிட்டது.

"அந்த மொத டிக்கெட்டப் போட்டதே நான்தாங்க," என்றார். "இந்தக் கையாலதான்."

அரங்கமே கை தட்டியது.

வாயை விட்ட பிறகுதான் அவருக்கு உறைத்தது. இந்த விஷயத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் உண்மை அதுதான். அன்றைக்கு ரயில் இல்லை என்று தெரிந்ததுமே, போட்டது யார் என்று அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. போனை எடுத்தது அதற்கு அப்புறம்.

கடைசி மேசையைப் பார்த்தார். தங்கை கை தட்டுவதை நிறுத்தியிருந்தாள்.

கேடயத்தைத் தூக்கிக்கொண்டு எப்படி அங்கே போய்ச் சேர்ந்தார் என்று அவருக்கே தெரியாது. அவள் பக்கத்து நாற்காலியில் இருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அவருக்கு இடம் கொடுத்தாள். முகத்தில் கோபம்கூட இல்லை.

"அப்ப அத நான் போடலையா அண்ணா?" என்று கேட்டாள்.